ஒரு கன கிலோமீட்டர் கடலில் ஐந்தரைக் கிலோ இரும்பு

கேட்கப்பட்டவை மூன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் சில நானோகிராம் அளவே கரைந்திருக்கும் இரும்பு, துத்தநாகம், கோபால்ட் போன்ற உலோகங்களை அளப்பதற்கு ஏன் இத்தனை கப்பல்களும் பணமும் செலவாகின்றன என்பது முதற்கேள்வி. அவ்வளவு அற்பமான அளவு உயிர்களுக்கு என்ன செய்துவிட முடியும் என்பது இரண்டாவது. கடலில் இரும்பைத் தூவினால் புவி சூடாவதைத் தடுக்கலாம் என்று எங்கோ படித்தது உண்மையா என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கான விடை தெரியாமல் மற்ற இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே அதில் சற்று அதிக நேரம் நிற்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி. ஒரு கன கிலோமீட்டர் கடல்நீரை எடுத்து வற்றவைத்தால் ஏறத்தாழ மூன்றரைக் கோடி டன் உப்பு கிடைக்கும். அந்த நீர் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் மேற்பரப்பிலோ வடபசிபிக்கின் நடுப்பகுதியிலோ எடுக்கப்பட்டதாக இருந்தால், அதில் கரைந்துள்ள இரும்பு லிட்டருக்கு 0.1 நானோமோல் (எடையில் சுமார் 5.6 நானோகிராம்) அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும். ஒரு கன கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் அது சுமார் 5.6 கிலோ. அந்த நீரை அளக்கப் போகிற கப்பலோ ஆயிரக்கணக்கான டன் இரும்பால் ஆனது, துருப்பிடித்துக்கொண்டே போவது, கழிவுநீரைக் கடலில் விட்டுக்கொண்டே போவது. மாதிரிப் புட்டியை இறக்கும் கம்பி எஃகு. துருப்பிடிக்காமல் இருக்கக் கருவிகளில் பொருத்தும் தகடுகள் துத்தநாகம். ஆய்வாளர் அணியும் கையுறையின் மாவில்கூடத் துத்தநாகம் இருக்கும். புட்டியின் ரப்பர் வளையத்திலிருந்தும் அது கசியும். இந்த நிலையில் புட்டிக்குள் இருப்பது கடலின் உலோகமா, கப்பலின் உலோகமா என்பதைப் பிரித்தறிவதே இந்தத் துறையின் முதல் ஐம்பது ஆண்டு வரலாறு என்று சொன்னால் மிகையாகாது.

1970களின் நடுப்பகுதிக்கு முன் வெளியான சுவடு உலோக (கடலில் மிகச் சிறிதளவே கரைந்திருக்கும் உலோக) அளவீடுகளில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அவை பத்து மடங்கு, நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்குகூட மிகையானவை. அவற்றை எழுதியவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். தங்கள் காலத்தின் நல்ல கருவிகளைக் கொண்டு நேர்மையாக அளந்தவர்கள். ஆனால் ஆய்வகக் காற்றில் மிதந்த தூசியையும் அமிலத்தில் இருந்த கலப்பையும் கடலோடு சேர்த்து அளந்துவிட்டார்கள். ஆழத்துக்கு ஆழம் மதிப்புகள் ஒழுங்கின்றித் தாறுமாறாக ஏறி இறங்கியதைக் கடலின் இயல்பு என்றே பலர் நம்பினார்கள்.

இதை முதலில் உறுதியாக எதிர்த்தவர் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிளேர் பேட்டர்சன். விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களை) கொண்டு புவியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்டவர் அவர்தான். அந்த வேலையின்போது, எங்கு தொட்டாலும் ஈயம் ஒட்டிக்கொள்வதைக் கண்டு, வடிகட்டிய காற்றும் தாமே தூய்மைப்படுத்திய அமிலங்களும் கொண்ட ஆய்வகத்தை உருவாக்கினார். அதே தூய்மையுடன் கடல்நீரை அளந்தபோது மேற்பரப்பில் ஈயம் அதிகமாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருந்தது. ஆழ்நீர் மேற்பரப்பைவிட்டு இறங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். மேல்நீர் நேற்றைய வானத்தைத் தாங்கி நிற்பது. ஆகவே மேலே இருந்த ஈயம் புதிதாக வந்தது, பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயத்தின் புகையிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு அவர் 1960களின் தொடக்கத்திலேயே வந்தார். அந்தத் தொழிலின் எதிர்ப்பையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. கடல் வேதியியலில் ஒரு துல்லியமான எண் பொதுமக்களின் மூச்சுக்காற்று வரை செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1975க்குப் பிறகு இதே தூய்மை முறைகள் மற்ற உலோகங்களுக்கும் பரவின. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட் பாயிலும் ஜான் எட்மண்டும் அவர்களுடன் பணிபுரிந்தோரும் காட்மியத்தை அளந்து 1976இல் வெளியிட்டபோது, ஆழத்துடன் அது மாறும் விதம், பாசிகளின் ஊட்டச்சத்தான பாஸ்பேட் மாறும் விதத்தோடு அச்சுப் பிசகாமல் ஒத்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவின் கென் புரூலண்ட், வடகிழக்கு பசிபிக்கில் துத்தநாகம் சிலிக்கேட்டைப் பின்தொடர்வதைக் காட்டினார்; மேற்பரப்பில் லிட்டருக்கு 0.1 நானோமோலுக்கும் குறைவாக உள்ள துத்தநாகம் ஆழத்தில் 9 நானோமோல் வரை, அதாவது ஏறத்தாழ நூறு மடங்கு, உயர்ந்தது. தாறுமாறு மறைந்து ஒழுங்கான வளைகோடு தோன்றிய அந்த நிமிடத்தில்தான் இந்தத் துறை பிறந்தது என்று கருதுகிறேன். அந்த வளைகோடு உயிர்களின் கையெழுத்து. வெயில் படும் மேல்நீரில் நுண்பாசிகள் அந்த உலோகத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அவை செத்து அமிழ்ந்து ஆழத்தில் சிதையும்போது உலோகம் மீண்டும் நீரில் கரைகிறது. வெறும் கரைசலாக இருந்தால் அப்படிப்பட்ட வடிவம் வராது.

எல்லா உலோகமும் இப்படி நடந்துகொள்வதில்லை. மாலிப்டினம் கடல் முழுவதும் ஏறத்தாழ 105 நானோமோல் அளவில் உப்பைப் போலச் சீராகப் பரவியிருக்கிறது. ஈயமும் அலுமினியமும் மிதக்கும் துகள்களில் ஒட்டிக்கொண்டு அமிழ்ந்துபோகின்றன. இரும்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. உயிர்களும் அதைத் தேடுகின்றன, துகள்களும் அதைப் பறிக்கின்றன.

இன்று ஒரு மாதிரியை எடுப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செலவு எங்கே போகிறது என்பது கேள்வியிலேயே இருக்கிறது. புட்டிகளை வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்துக் கப்பலேற்றுகிறோம். டைட்டானியத்தால் அல்லது பூச்சு பூசிய அலுமினியத்தால் ஆன சட்டத்தில், உட்புறம் டெஃப்லான் பூசிய மாதிரிக் குழாய்களைப் பொருத்தி, எஃகுக் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லார் இழைக் கயிற்றில் இறக்குகிறோம். மேலே வந்தவுடன் வடிகட்டிய காற்று நிரம்பிய சிறிய அறைக்குள் கொண்டுபோய், 0.2 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடித்து, தூய்மைப்படுத்திய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். கரைக்குத் திரும்பிய பிறகு, உலோகங்களை மட்டும் பற்றிக்கொண்டு சோடியத்தையும் மக்னீசியத்தையும் போகவிடும் பிசின் வழியாக நீரைச் செலுத்தி, பிடிபட்டதைச் சிறிதளவு அமிலத்தில் மீட்டு, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் பிளாஸ்மா நிறைமாலைமானியில் அளக்கிறோம்.

அங்கேயும் ஒரு தொல்லை உண்டு. பிளாஸ்மாவை எரியவைக்கும் ஆர்கான் வாயுவின் நிறை எண் 40. ஆக்சிஜனின் நிறை எண் 16. இரண்டும் கூடினால் 56. மிகுதியாகக் கிடைக்கும் இரும்பு ஐசோடோப்பின் நிறை எண்ணும் 56தான். கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். இதைத் தவிர்க்க உயர் பிரிதிறன் கொண்ட கருவியோ, இடையில் வாயு மோதல் அறை கொண்ட கருவியோ தேவைப்படுகிறது. அத்துடன், இயற்கையில் குறைவாக உள்ள இரும்பு-57 ஐசோடோப்பைத் தெரிந்த அளவில் மாதிரியில் முன்கூட்டியே கலந்துவிட்டு விகிதத்தை மட்டும் அளந்தால், வழியில் கொஞ்சம் உலோகம் தவறிப்போனாலும் விடை மாறாது. இந்த முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கும் அழகு கொண்டது. இத்தனைக்குப் பிறகும் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட்டே நம்ப வேண்டும். அதற்காகவே 2004இல் வடபசிபிக்கில் ஒரே நீரைப் பலரும் அளந்து பார்க்கும் பயணம் நடத்தப்பட்டது. 2010இல் கடலாய்வுகளைத் தொடங்கிய ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டம் அந்த ஒழுக்கத்தை எல்லாப் பெருங்கடல்களுக்கும் கொண்டுசென்றது.

இனி உயிர்களிடம் வருவோம். பைட்டோபிளாங்க்டன் எனப்படும் மிதவைப் பாசிகள் உலகின் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைச் செய்கின்றன. ஒரு பாசி செல்லில் லட்சம் கார்பன் அணுக்களுக்குச் சில இரும்பு அணுக்கள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிலதான் இயந்திரத்தின் அச்சாணி. ஒளிச்சேர்க்கையின் ஒளியமைப்பு ஒன்று என்ற தொகுப்பில் மட்டும் 12 இரும்பு அணுக்கள் உள்ளன. காற்றின் நைட்ரஜனை உணவாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதிக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. மின்னணுவை ஒரு மூலக்கூற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் வேலையை இவ்வளவு எளிதாகச் செய்யும் தனிமங்கள் குறைவு.

பிறகு ஏன் உயிர்கள் இவ்வளவு அரிதான ஒரு பொருளை நம்பியிருக்கின்றன? ஏனென்றால் அவை உருவான காலத்தில் அது அரிதாக இல்லை. ஆக்சிஜன் இல்லாத ஆதிக் கடலில் இரும்பு, நீரில் எளிதில் கரையும் ஃபெரஸ் வடிவில் தாராளமாகக் கரைந்திருந்தது. பிறகு சயனோபாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன் சேரச் சேர, அது துருவாகிப் படிந்தது. சேலத்தின் கஞ்சமலையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும் மாக்னடைட் என்னும் இரும்புத்தாதுப் பாறை, அந்தத் தொல்கடலின் இரும்புப் படிவுகள் பின்னர் ஆழத்தில் வெந்து உருமாறியதன் எச்சம். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைபெற்றபோது, ஒளிச்சேர்க்கை செய்த உயிர்களே தங்களுக்கு மிகவும் வேண்டிய உலோகத்தைக் கடலிலிருந்து அகற்றும் செயலைத் தொடங்கிவைத்தன. நொதிகளின் கட்டமைப்பை அதற்குள் மாற்ற முடியாத அளவுக்குக் காலம் கடந்திருந்தது.

இந்தப் பற்றாக்குறையை நிரூபித்தவர் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தின் ஜான் மார்ட்டின். தென்பெருங்கடல், வடபசிபிக்கின் துருவத்தை ஒட்டிய பகுதி, பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி ஆகிய மூன்றிலும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஊட்டச்சத்துகள் மிச்சமிருக்க, பாசிகள் மட்டும் குறைவாகவே இருப்பது நெடுங்காலப் புதிர். இரும்புக் குறைதான் காரணமோ என்ற ஐயம் 1930களிலேயே எழுந்திருந்தது. ஆனால் கப்பலின் இரும்பு விழுந்த நீரில் அதைச் சோதிக்க வழியில்லை. மார்ட்டினும் ஸ்டீவ் ஃபிட்ஸ்வாட்டரும் அலாஸ்கா வளைகுடாவில் உண்மையிலேயே தூய்மையாக எடுத்த நீரில் சில நானோமோல் இரும்பைச் சேர்த்தபோது பாசிகள் பெருகின; சேர்க்காத புட்டிகளில் பெருகவில்லை. இது 1988இல் வெளியானது. மார்ட்டின் 1993 ஜூனில் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய சகாக்கள் கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டர் கடலில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள், நீர் பச்சையானது. 1995இல் மீண்டும் செய்தபோது பச்சையத்தின் அளவு 20 மடங்குக்கு மேல் உயர்ந்தது. புட்டியில் கண்டது கடலிலும் நடந்தது.

கடலுக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது என்பதில் நம் அறிவு கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. சகாராவின் தூசியும் கண்டத்திட்டுகளின் வண்டலும் ஆறுகளும் பனியாறுகளும் முன்பே தெரிந்தவை. 2013இல் பெருவிலிருந்து டஹிட்டி வரை சென்ற ஜியோட்ரேசஸ் பயணம், கிழக்கு பசிபிக் நடுக்கடல் மேட்டின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிளம்பும் கரைந்த இரும்பு 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் தொடர்வதைக் கண்டது. அதற்கு முன் அந்த இரும்பு ஊற்றின் அருகிலேயே படிந்துவிடும் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2008இல் அலாஸ்காவின் கசடோச்சி எரிமலைச் சாம்பலும், 2019-20இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகையும் விழுந்த இடங்களில் பாசிகள் பெருகியதைச் செயற்கைக்கோள்கள் படம்பிடித்தன. கிரில் இறாலைத் தின்னும் திமிங்கிலங்களின் கழிவில் இரும்பு அந்தாட்டிக் கடல்நீரில் இருப்பதைவிடச் சுமார் ஒரு கோடி மடங்கு செறிந்திருக்கிறது என்ற கண்டுபிடிப்பும் உண்டு. திமிங்கில வேட்டை வெறும் திமிங்கிலங்களை மட்டும் குறைக்கவில்லை என்று அதிலிருந்து எண்ணத் தோன்றுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு இரும்பு என்பதைவிட, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் உயிர்களுக்கு முக்கியம். 1994இல் மார்த்தா கிளெட்ஹில்லும் ஸ்டான் வான் டென் பெர்க்கும் காட்டியபடி, கரைந்த இரும்பில் 99 விழுக்காடு கரிம மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் இரும்பு துருவாகி அமிழ்ந்துவிடும். பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடித்துவருவதற்கென்றே சிடெரோஃபோர் என்னும் மூலக்கூறுகளைச் செய்து நீரில் விடுகின்றன. தாமிரத்தில் இதே பிணைப்பு எதிர்த்திசையில் உதவுகிறது. தாமிரம் சிறிதளவு தேவை. ஆனால் பிணையாத தாமிர அயனி சற்றுக் கூடினாலே சயனோபாக்டீரியாக்களுக்கு நஞ்சு. கரிமப் பிணைப்பு அதை அடக்கிவைக்கிறது. ஆகவே கப்பல் அடிப்பகுதியில் பூசும் தாமிரப் பூச்சு கரையும் துறைமுகங்களில், மொத்தத் தாமிரத்தை மட்டும் அளந்துவிட்டு ஆபத்து உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

துத்தநாகம், கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் மையம். அது கிடைக்காதபோது டயட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய பாசிகளில் சில கோபால்ட்டையோ காட்மியத்தையோ அந்த இடத்தில் பொருத்திக்கொள்கின்றன. நஞ்சு என்று மட்டுமே அறியப்பட்ட காட்மியத்துக்கென்றே அமைந்த நொதி ஒன்றைப் பிரின்ஸ்டனின் ஃபிரான்சுவா மொரேல் குழுவினர் ஒரு டயட்டத்தில் கண்டறிந்தது, பாயில் 1976இல் வரைந்த அந்தப் பாஸ்பேட் வளைகோட்டுக்கு ஓரளவு பொருள் கொடுத்தது. கோபால்ட் இல்லாமல் வைட்டமின் பி12 இல்லை. அந்த வைட்டமினைத் தாமே செய்ய முடியாத பாசிகள் அதைச் செய்யும் நுண்ணுயிர்களை நம்பியே வாழ்கின்றன.

நம்மைச் சூழ்ந்த கடலும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பாலைவனத் தூசி சூழ்ந்த அரபிக்கடலில் இரும்புக்கு என்ன பஞ்சம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதியில், ஆழ்நீர் மேலெழுந்து நைட்ரேட்டைக் கொட்டும்போது, அதற்கு ஈடாக இரும்பு வந்து சேராததால் சில பகுதிகள் தென்பெருங்கடலைப் போலவே நடந்துகொள்கின்றன என்று வாஜி நக்வி முதலியோர் 2010இல் எழுதினார்கள். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் இத்தகைய தூய்மை முறைகளில் அளந்துவருகிறது. பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000இல் நிறுத்தியது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் முன்பே நிறுத்தியதால் வட அட்லாண்டிக்கின் மேல்நீரில் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட, இந்தியப் பெருங்கடலில் அந்தச் சரிவு பின்தங்கியே வருகிறது. பேட்டர்சன் தொடங்கிய அளவீட்டின் கடைசிப் பக்கங்கள் நம் கடலில் இன்னும் எழுதப்பட்டுவருகின்றன.

புவி சூடாவதைத் தடுக்கக் கடலில் இரும்பைத் தூவலாமா என்ற மூன்றாவது கேள்விக்கு என் விடை, இன்றைய அறிவின்படி, வேண்டாம் என்பதே. பனியுகங்களில் காற்றில் தூசி மிகுந்திருந்ததும் அப்போது காற்றின் பத்து லட்சம் பகுதிகளில் கார்பன் டை ஆக்சைடு 180 பகுதிகளாகத் தாழ்ந்திருந்ததும் அந்தாட்டிக்கப் பனியில் பதிவாகியுள்ளன. அந்தத் தாழ்வின் ஒரு பங்குக்கு இரும்பு காரணமாக இருக்கலாம் என்ற மார்ட்டினின் கருதுகோளை நான் ஏற்கிறேன். ஆனால் பாசி பெருகுவது ஒன்று, அதன் கார்பன் ஆழத்தில் அமிழ்ந்து நூற்றாண்டுகள் தங்குவது வேறொன்று. 2004இல் தென்பெருங்கடலில் நடந்த ஜெர்மானியச் சோதனையில் சிலிக்கேட் நிறைந்த நீர் இருந்ததால் கனமான டயட்டங்கள் வளர்ந்தன. பெருக்கத்தின் பாதியளவாவது 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியது. 2009இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து போலார்ஸ்டெர்ன் கப்பலில் நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனையில் அதே இரும்பு, அதே பெருங்கடல்; ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் முன்பே தீர்ந்துபோயிருந்தது. டயட்டங்கள் வளரவில்லை. ஓடில்லாத சிறு பாசிகள் பெருகின, அவற்றைக் கோபிபாட் என்னும் நுண்ணிறால்கள் தின்றன, கார்பனில் மிகச் சிறு பங்கே ஆழத்துக்குப் போனது. மனிதர் கொட்டிய இரும்பு அந்தப் பகுதியின் உணவு வலையை மாற்றியது. வளிமண்டலத்துக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறையில், ஆய்வு தவிர்ந்த இரும்பூட்டலைத் தடுக்கும் திருத்தம் 2013இல் ஏற்கப்பட்டது. போதிய நாடுகள் ஒப்புதல் அளித்து அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.